பழைய சேஃப்டி ரேசரை ஆன்லைனில் வாங்குவது: கேட்க வேண்டிய ஐந்து போட்டோ, செய்யக் கூடாத புளி வைத்தியம்

‘விண்டேஜ் ரேசர், ஒர்க்கிங் கண்டிஷன்’ என்று ஒரே ஒரு போட்டோவோடு வரும் விளம்பரங்களில் பெரும்பாலும் பளபளக்கும் மேல்மூடிதான் தெரியும். ரேசர் கெடுவது அங்கே அல்ல. கைப்பிடியின் கழுத்து, மரை, பிளேடு உட்காரும் அடித்தட்டு, இந்த மூன்றும்தான் முதலில் கெடும். மூன்றும் படத்தில் வராத இடங்கள். அவற்றை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் அனுப்பினால், வந்து சேர்வது பெரும்பாலும் ஷோகேஸில் வைக்கத்தான் ஆகும்.

முதல் ரேசராக எதை வாங்குவது? ஜில்லெட் டெக். 1938-இல் வந்தது. மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே உருப்படி, உள்ளே இயந்திரம் எதுவும் கிடையாது. கைப்பிடியைத் திருகினால் மேல்மூடி பிளேடை அடித்தட்டின் மேல் அழுத்தி வளைக்கும், அவ்வளவுதான் வேலை. அடுத்தபடியாக 1947-இல் வந்த சூப்பர் ஸ்பீட். கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவுகள் திறக்கும் ரகம். அதற்கும் மேலே அட்ஜஸ்டபிள்: 1958 முதல் 1961 வரை வந்த ‘ஃபேட்பாய்’, அதற்குப் பின் வந்த ‘ஸ்லிம்’. இவற்றில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருக்கும். எண் கூடக் கூட பிளேடு அதிகம் வெளியே தெரியும். ஆசை எல்லோருக்கும் ஃபேட்பாய் மேல்தான், விலை ஏறுவதும் அதனால்தான். நன்றாக இருக்கும் டெக் ஒன்றில் கை பழகிய பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

பிளேடு பற்றிக் கவலை வேண்டாம். பெட்டிக்கடையில் கிடைக்கும் இருபக்க பிளேடு, நூறு வருஷத்துக்கு முந்தைய மூன்று ஊசி வைத்த ஜில்லெட்டிலும் உட்காரும். பழைய மூன்று துளைக்குப் பதிலாக இன்றைய பிளேடில் நீளமான ஒற்றைத் துளை இருக்கிறது, ஊசிகள் அதற்குள் அடங்கிவிடும். மாட்டிக்கொள்வது மற்ற வகைகளில். வேலட் ஆட்டோஸ்ட்ராப், ஜெம், ஷிக் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் பிளேடு வேறு, நம் ஊர்க் கடைகளில் அவை கிடைக்காது. ரோல்ஸ் ரேசர் இன்னும் விசேஷம். அதன் பெட்டியே சாணைக்கல்லும் தோல் வாரும் பதித்த பட்டறை. பார்க்க அழகு. ஆனால் தோல் காய்ந்து, கல் உடைந்து கிடப்பவைதான் அதிகம் விற்பனைக்கு வருகின்றன.

ஐந்து போட்டோ

முதலாவது, ரேசரைப் பிரித்து, கைப்பிடியின் மேல் கழுத்தை நெருக்கத்தில். பழைய ஜில்லெட்டின் குழாய்க் கைப்பிடியில் மயிரிழை விரிசல் நீளவாக்கில் ஓடும். கருப்புக் கோடு போலத்தான் இருக்கும், அழுக்கு என்று நினைத்துவிடலாம். இறுக்கித் திருகும்போதெல்லாம் அது அகலும். வெயிலில் சாய்த்துப் பிடித்து, இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். விரிசல் விழுந்த கைப்பிடியை நம்பிச் சவரம் செய்ய முடியாது.

இரண்டாவது, அடித்தட்டைக் கண் மட்டத்தில், பக்கவாட்டிலிருந்து. கீழே விழுந்த ரேசரில் தட்டின் ஒரு முனை லேசாகத் தூக்கியிருக்கும். சீப்புப் பல் உள்ள ரகம் என்றால் பற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வளைந்த பல்லை நிமிர்த்தப் போனால் உடைவதற்கே வாய்ப்பு அதிகம், அதனால் ‘லேசா வளைஞ்சிருக்கு சார், நிமிர்த்திக்கலாம்’ என்பதை விலைக்குறைப்புக்கான காரணமாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, சமாதானமாக அல்ல.

மூன்றாவது, பிளேடு போட்டு இறுக்கிய தலையை மேலிருந்து. இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று உருப்படி ரேசரில் பிளேடுக்குச் சற்று ஆட்டம் இருப்பது இயல்பு, பிளேடின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இறுக்கினால் சரியாகிவிடும். அப்படியும் கோணலாக நின்றால் தட்டு வளைந்திருக்கிறது.

நான்காவது மரை. ஐந்தாவது போட்டோ அல்ல, பத்து விநாடி வீடியோ: கதவு ரேசரைத் திறந்து மூடுவது, அட்ஜஸ்டபிள் என்றால் வளையத்தை 1-லிருந்து 9 வரை திருப்புவது. இரண்டு கதவும் சேர்ந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். சோப்புக் கறை அடைத்து இறுகியிருந்தால் ஊறவைத்துச் சரிசெய்யலாம். கதவின் கீல் வளைந்திருந்தால் வழியில்லை.

இந்த ஐந்தும் கேட்டதற்கு ‘வாங்குறதுன்னா வாங்குங்க’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். சேகரிப்பவர்கள் விற்கும்போது இவை கேட்காமலே வரும்.

வயசும் கலப்படமும்

விளம்பரங்களில் அதிகம் நடக்கும் தப்பு, ரேசரில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதியைத் தயாரித்த வருஷமாக எழுதுவது. ஜில்லெட் கம்பெனியைத் தொடங்கிய கிங் ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1904 நவம்பர் 15. அந்தத் தேதியைப் பல வருஷங்கள் ரேசர்களில் அச்சிட்டார்கள், ஆகவே ‘1904 மாடல்’ என்பது தானாக உண்மையாகிவிடாது. விற்பனை தொடங்கிய 1903-இல் மொத்தமே 51 ரேசர்கள்தான் விற்றன. ‘முதல் வருஷத்து உருப்படி’ என்று யாராவது சொன்னால் எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்கத் தயாரிப்பு ஜில்லெட்டுகளில் 1950-களிலிருந்து தலையின் அடிப்பக்கம் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ (A) என்றால் 1955, பி (B) 1956, இப்படியே வரிசையாகப் போய் இ (E) 1959, ஜி (G) 1961, என் (N) 1968. கூட இருக்கும் 1 முதல் 4 வரையிலான எண் அந்த வருஷத்தின் காலாண்டு. இ-3 என்றால் 1959-இன் மூன்றாம் காலாண்டு. ஃபேட்பாய் என்று விற்கும் ரேசரில் ஜே எழுத்து இருந்தால் அது 1964, ஃபேட்பாய் நின்ற பிறகு வந்தது, அனேகமாக ஸ்லிம்மாக இருக்கும். ஃபேட்பாய் சுமார் 80 கிராம், ஸ்லிம் அதைவிட இளைத்தது. நகைத் தராசில் வைத்து ஒரு படம் கேட்டால் போதும்.

மூன்று உருப்படி ரேசர்களில் ஒரு ரேசரின் தலை மற்றொன்றின் கைப்பிடியில் பொருந்திவிடுவது சகஜம். சவரத்துக்குப் பாதகமில்லை, ஆனால் செட்டு என்று சொல்லி முழு விலை வாங்குவது மோசடி. தலையும் கைப்பிடியும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். தலை மங்கி, கைப்பிடி மட்டும் மினுமினுத்தால் கேள்வி கேளுங்கள். முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் உள்ளே பித்தளை. சாம்பல் நிறக் குழிகள் தெரிந்தால் துத்தநாகக் கலவை, அது மரைப் பக்கம் ஒடியும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, ஆகவே காந்தச் சோதனையால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வெளிநாடா, காட்பாடியா

ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. இப்போது ஈபேயில் வாங்குவதெல்லாம் வெளிநாட்டுத் தளத்திலிருந்துதான். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபால் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் ஆர்டர் போடும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி வராது என்பது பழைய கதை. 2019 டிசம்பரிலேயே அந்தச் சலுகை போய்விட்டது. மலிவான டெக் ஒன்றைத் தனியாக வரவழைத்தால் தபால் செலவே ரேசர் விலையைத் தாண்டும். மூன்று நான்கு சேர்த்து ஒரே பார்சலாக வாங்குவதுதான் கட்டுப்படியாகும். உள்ளே பழைய பிளேடு இருந்தால் எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

உள்ளூரில் வாங்குவதில் வேலூர்க்காரர்களுக்கு இரண்டு சௌகரியம். சென்னைக்காரரோ பெங்களூர்க்காரரோ விற்றால், இரண்டு பக்க ரயிலும் காட்பாடி வழியாகத்தான் போகிறது. ஸ்டேஷனில் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். இன்னொன்று, ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே ஏராளம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வரும் ரேசர்கள் குடியாத்தம், ஆரணி, ஆற்காடு என்று காயலான் கடைகளுக்குப் போய் எடைக்கு எடை போகின்றன. பித்தளைச் சாமான் வாங்குபவரிடம் ஒரு ரேசர் படத்தைக் காட்டி, ‘இது மாதிரி வந்தா எடுத்து வைங்கண்ணே’ என்று சொல்லி வைத்தால் போதும்.

யுபிஐ-யில் முழுத் தொகையும் முன்கூட்டியே கேட்பவரிடம் வாங்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது முதல் ஒட்டிலிருந்து கடைசிவரை வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

கழுவுவது

நல்ல ரேசர்கள் அதிகம் கெடுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். பித்தளை என்றதும் நம் கை புளிக்கும் பீதாம்பரிப் பவுடருக்கும் போகிறது. குத்துவிளக்குக்கு அது சரி. ரேசரில் பித்தளைக்கு மேல் மெல்லிய நிக்கல் முலாம் இருக்கிறது. பவுடர் அதைத் தேய்த்தெடுக்கும், புளியும் எலுமிச்சையும் முலாம் போன இடத்தில் துத்தநாகத்தை அரித்துச் செம்பு நிறத் திட்டு வைக்கும். தங்க முலாம் என்றால் இன்னும் மெல்லிசு, துணியால் அழுத்தித் துடைத்தாலே போகும்.

கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, அரை மணி நேரம். பிறகு மிருதுவான டூத்பிரஷ், இடுக்குகளுக்குப் பல்குச்சி. ஒரு தரத்தில் போகாவிட்டால் மறுபடி ஊறவையுங்கள். கொதிக்க வைக்காதீர்கள். பேக்கலைட் (பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) கைப்பிடியை ஊறவைக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, கதவு ரேசரின் உள்ளே வெள்ளைப் படிவாக ஒட்டும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர், முலாம் முழுசாக இருக்கும் ரேசருக்கு மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வையுங்கள்.

அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர்கள் பக்கம் போகவே கூடாது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, இறுக்கத்தில் இருந்த பித்தளையைப் பிளந்ததுதான் காரணம். ரேசரின் குழாய்க் கைப்பிடியும் அப்படி இறுக்கத்தில் இருக்கும் பித்தளைதான்.

இறுகிப்போன குமிழுக்குக் குறடு போடாதீர்கள். சுடுநீரில் ஊறவைத்து, கால் திருகு அந்தப் பக்கம், கால் திருகு இந்தப் பக்கம் என்று இளக்குங்கள். இளகி, காய்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். அட்ஜஸ்டபிளில் எண் மாற்றுவதற்கு முன் குமிழைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது உள்ளே இருக்கும் உருப்படிகளுக்கு நல்லது. முலாம் கெட்டியாக உள்ள உலோக ரேசரைச் சவரத்துக்கு முன் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் போட்டு எடுக்கலாம். தங்க முலாமும் பேக்கலைட்டும் இதற்கு ஆகாது, சோப்புத் தண்ணீரே போதும்.

வைக்கும் இடத்திலும் ஒரு விஷயம் உண்டு. தோல் பெட்டியோடு கிடைத்த ரேசரை அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். தோலில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பாக வரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெட்டியைத் தனியாக, ரேசரைப் பருத்தித் துணியில் சுற்றித் தனியாக வைத்து, ஐப்பசி கார்த்திகையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போட்டு, மாதம் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.