எண்ணிக்கொண்டே இருந்தார்கள், எலி போய்விட்டது

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் நடுவே, டோரஸ் நீரிணையில் பிராம்பிள் கே என்றொரு மணல்திட்டு. நீளம் சுமார் 340 மீட்டர், அகலம் 150 மீட்டர், மேட்டின் உயரமே 3 மீட்டர்தான். வேறெங்கும் கண்டறியப்படாத ஒரு எலி, பிராம்பிள் கே மெலோமிஸ், அங்கே பருப்புக்கீரையைக் கொறித்துக்கொண்டு ஆமைகளுக்கும் கடற்பறவைகளுக்கும் இடையில் வாழ்ந்தது. இன்று இல்லை. அருகிவரும் கொறிவிலங்கு ஒன்று தாக்குப்பிடிக்குமா என்று கணிக்கப் போகிறவர்கள் இந்த எலியின் கதையை அவசியம் படிக்க வேண்டும்.

பொறியில் சிக்கியதும் தீவில் இருப்பதும் ஒன்றல்ல. 1998இல் சிக்கியவை 42. பிடித்ததற்கு அடையாளம் இட்டு விட்டுவிட்டு, மறுபடி சிக்குவதில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்த்துக் கணக்குப் போட்டால், மொத்தம் 93 வாக்கில் இருக்கலாம் என்று வந்தது. 2002இல் 10, 2004இல் 12 சிக்கின. எத்தனை பொறி, எத்தனை இரவு என்று பார்க்காமல் இவற்றை நேரடியாக ஒப்பிடக் கூடாது. அதற்காக, ‘சரியான கணக்கு வரட்டும்’ என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தவறு.

எலியை எண்ணுகிறவர்கள் கீரையை அளக்க மறந்துவிடுகிறார்கள். 2004இல் தீவில் செடிகொடிகள் இருந்த பரப்பு 2.16 ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கருக்கு மேல். 2014 மார்ச்சில் மிஞ்சியது 0.065 ஹெக்டேர். நம் கணக்கில் மூன்று கிரவுண்டு கூட இல்லை! கடல் நீர் மறுபடி மறுபடி ஏறி வந்து பச்சையை அழித்துவிட்டது. பிறப்பு, இறப்பு விகிதங்களின் சராசரியை மட்டும் வைத்துக் கணித்தால் இது தெரியவே தெரியாது. தாழ்வான ஒரே திட்டில் வாழும் உயிருக்குச் சராசரி ஆண்டு முக்கியமில்லை, மிக மோசமான ஒரு இரவுதான் முக்கியம்.

காலக்கெடுவும் ஏமாற்றும். 2008இல் வெளியான மீட்புத் திட்டம், கடல்மட்ட உயர்வும் புயல்களும் அந்தத் திட்ட காலத்துக்குள் இந்த எலியைப் பெரிதாகப் பாதிக்க வாய்ப்பில்லை என்றது. சில ஆண்டுகளை மட்டும் பார்த்தால் எந்த ஆபத்தும் சின்னதாகத்தான் தெரியும்.

‘அக்கரையிலும் இருக்கும்’ என்ற நினைப்பு இன்னொன்று. நியூகினியின் ஃபிளை ஆற்று முகத்துவாரம் 50 கிலோமீட்டர் தொலைவுதான். போய்த் தேடலாம், தேடவும் வேண்டும். ஆனால் கண்ணில் படாத கூட்டத்தை நம்பி, கண்ணெதிரே இருப்பதை விட்டுவிடக் கூடாது.

கனடாவின் வான்கூவர் தீவு மர்மோட் என்ற பெரிய தரை அணிலுக்கு 1997இலேயே கூண்டில் வளர்ப்புத் தொடங்கினார்கள். 2003இல் காட்டில் முப்பதுக்கும் குறைவாக இருந்தவை இப்போது சில நூறு. மெலோமிஸுக்கு அப்படி ஒரு காப்புக் கூட்டம் உருவாகவே இல்லை. கடைசியாக அதைப் பார்த்தவர் ஒரு மீனவர், 2009இல். 2014இல் ஆய்வாளர்கள் போய்ப் பொறிகளை வைத்தார்கள், தானியங்கிக் கேமராக்களை மாட்டினார்கள், பகலில் மரக்கட்டைகளுக்கு அடியில் கூடத் தேடினார்கள். ஒன்று கூட அகப்படவில்லை.