எல்லை தாண்டிய தீ அழைப்பும் அயல் நிலையக் காத்திருப்பும்

அயல் பகுதியிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வந்தால், வண்டியைக் கிளப்பும் முன் தீயணைப்பு நிலைய அலுவலர் கட்டுப்பாட்டு அறையிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டியது, தாம் போனபின் தம் பகுதியை யார் கவனிப்பார் என்பதாகும். தொலைவில் புகை தெரிகிறது என்றோ வயர்லெஸில் பரபரப்பு கேட்கிறது என்றோ அழைக்காமலே புறப்படக் கூடாது. அப்படிப் போன வண்டி கணக்கில் வராது. சொந்த எல்லைக்குள் அடுத்த வீடு பற்றும்போது, நிலையத்தில் இல்லாத வண்டியை அறை நம்பிக்கொண்டிருக்கும்.

போக வேண்டியது சம்பவ இடத்துக்கா, காலியான நிலையத்துக்கா, எந்த அலைவரிசையில் பேசுவது, வந்து சேர்ந்ததை யாரிடம் சொல்வது ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அயல் பகுதியின் ஹைட்ரண்டில் (தீயணைப்புக்கான தெருத் தண்ணீர்க் குழாயில்) நம் ஹோஸ் பொருந்துமா என்பதையோ அழைப்பு வரும் நாளுக்கு முன்பே சோதித்து, தேவையான அடாப்டர்களை வண்டியில் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1904 பிப்ரவரியில் எரிந்தபோது வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து வீரர்கள் வந்தும், வந்த ஹோஸ்களில் பலவற்றின் மரை அந்நகர ஹைட்ரண்டுகளில் பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

சம்பவ இடத்தில் ஆட்களின் பெயர்ப் பட்டியலைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்துவிட்டு, அவர் காட்டும் இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள்.

காலியான அயல் நிலையத்தில் அடுத்த அழைப்புக்காக நிற்கும் காத்திருப்புப் பணியைப் பலர் ஓய்வாக எண்ணிவிடுகிறார்கள். என் கணிப்பில் அதுவே கடினமானது, ஏனெனில் தெருக்கள் தெரியாத ஊரில் முதல் வண்டியாகப் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே அயல் நிலையத்தை அடைந்ததும் வருகையைத் தெரிவித்து, வண்டியை வாசல் நோக்கி நிறுத்தி, சுவரிலுள்ள வரைபடத்தின் முன் குழுவினர் அனைவரையும் கூட்டுங்கள். ஹைட்ரண்டுகள், குளங்கள், ரசாயனக் கிடங்குகள், மருத்துவமனைகள், நம் வண்டியின் உயரத்துக்கோ எடைக்கோ இடம் தராத பாலங்கள் ஆகியவற்றை அதில் தேடுங்கள். குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. பம்ப் இருக்கும் மட்டத்திலிருந்து சுமார் 7 மீட்டருக்குக் கீழே நீர் போய்விட்டால் அதை உறிஞ்சி எடுப்பது அரிது. அந்நிலையத்து ஆள் ஒருவர் வழிகாட்டியாக உடன் வர இயன்றால், எந்த வரைபடத்தையும் விட அவரே மேல்.

அங்கே அழைப்பு வந்தால் கூடுதல் வண்டிகளை வழக்கத்தைவிட முன்கூட்டியே கேளுங்கள். அருகிலுள்ளவர்கள் ஏற்கெனவே பெரிய தீயில் இருப்பதால் அடுத்த உதவி வெகு தொலைவிலிருந்துதான் வரும்.

விடுவிக்கப்பட்டதும் கலந்துபோன ஹோஸ்களையும் கருவிகளையும் பிரித்து எண்ணி, அழைப்பு, வருகை, விடுவிப்பு நேரங்களைப் பதிவேட்டில் எழுதுங்கள். தண்ணீரும் டீசலும் சுவாசக் கருவியின் சிலிண்டர்களும் நிரம்பி, களைத்தவர்களுக்கு மாற்று ஆட்கள் வந்த பிறகே, நிலையம் மீண்டும் தயார் என்று கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்க வேண்டும்.