பில்லிங் அப்டேட்டைக் கடைக்காரர்களிடம் சொல்லும்போது நடக்கும் தவறுகள்

வேலூர் லாங் பஜாரிலும் ஆம்பூரிலும் உள்ள கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் போட்டுக்கொடுப்பது எங்கள் வேலை. அப்டேட் வந்தால் வாட்ஸ்அப்பில்தான் தகவல் சொல்கிறோம். அதில் பல தவறுகள் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

பெரிய தவறு, கடைக்காரர் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லாமல் சாப்ட்வேரைப் பற்றியே பேசுவது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியது. அதுவரை ஜோடி 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட செருப்பு, ஷூவுக்கு 18 சதவீதம். அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். 'வரி விகிதங்கள் புதுப்பிக்கப்பட்டன' என்று ஒரு வரி அனுப்பினால் ஷூ கடைக்காரருக்கு என்ன புரியும்? 1,800 ரூபாய் ஷூவுக்கு நேற்று 18 போட்டவர் இன்று 5 போட வேண்டும். ஏற்கெனவே பதிந்த சரக்குக்கு வரி தானாக மாறுமா, கையால் மாற்ற வேண்டுமா? கடை திறந்ததும் எதை அழுத்த வேண்டும்? அவருக்குத் தேவை இந்தப் பதில்கள்.

அடுத்தது, அனுப்பிவிட்டோம், போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புவது. பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே தகவலைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி) அனுப்புவது நம் எண்ணைப் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். "எனக்கு எதுவுமே வரலையே தம்பி" என்று ஒரு பெரியவர் கேட்டபோதுதான் எங்களுக்கு இது உறைத்தது. இப்போது சாப்ட்வேர் போடும் அன்றே எங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

அப்படிப் போனாலும் அது முதலாளியின் போனுக்குத்தான் போகிறது. பில் போடுவது கல்லாவில் இருக்கும் பையனோ பெண்ணோ. திரை மாறியிருப்பதை வாடிக்கையாளர் எதிரில்தான் அவர்கள் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அந்தத் தவிப்பை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஆம்பூரில் உருது பேசுபவர்கள் நிறைய; அரை நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு மொழியிலும் அனுப்பினால் பாதி போன்கால்கள் குறைந்துவிடும்.

குட்மார்னிங் படங்கள் நிறைந்த குரூப்பில் அறிவிப்பு மூழ்கிப்போகும். அதனால் அட்மின் மட்டும் எழுதும் குரூப் ஒன்று தனியாக வேண்டும். ஆனால் கேள்வி கேட்கும் குரூப்பை மூடிவிடாதீர்கள், பிழை முதலில் அங்கேதான் தெரியவரும். தீபாவளிக்கு முந்தின வாரமும் ரம்ஜான் மாலைகளும் திரையை மாற்றும் நேரமல்ல.

அப்புறம், பிழையை மறைப்பது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால், தப்பாகப் போன பில்கள் ஆடிட்டரிடம் போய் நிற்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த பில்கள், யார் திருத்த வேண்டும் என்பதை அன்றே எழுதிவிடுங்கள்.