ரெஸ்யூமேக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால்: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஊரில் நாக்ரி வேலைத் தளத்தில் ஏற்றி வைத்திருந்த பயோடேட்டாவை இங்கே அப்படியே அனுப்பாதீர்கள். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆனதா இல்லையா, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று இடம், நாள், கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி இருக்குமே, அதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். கனடா போன் நம்பர் போடுங்கள். சின் எண்ணை (அரசு கொடுக்கும் சமூகக் காப்பீட்டு எண்) வேலை உறுதியான பிறகுதான் கொடுக்க வேண்டும். பி.இ. படித்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒன்டாரியோவில் உரிமம் வாங்காமல் பெயருக்குப் பின்னால் பி.எங். (உரிமம் பெற்ற பொறியாளர்) என்று போடக் கூடாது. இவ்வளவும் ஒரு சாயங்கால வேலை.

இனி காசு விஷயம். என் நண்பர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் பல வருடம் இருந்தவர். பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வாங்கிக்கொண்டு டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வந்து இறங்கினார். நம்ம ஆள் ஒருவர், கோயிலில் பழக்கமானவர், எழுநூறு டாலருக்கு ரெஸ்யூமே எழுதி வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னார். கேரண்டி என்ற வார்த்தையும் வந்தது. ரெஸ்யூமே பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் நடுவில், மார்க்கம் பக்கம் ஒரு கம்பெனியில் நண்பர் ஒரு வருடம் வேலை பார்த்ததாக எழுதியிருந்தது. இவர் அந்தப் பக்கமே போனதில்லை. கேட்டதற்கு, "தம்பி, கனடா அனுபவம் இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே எல்லாரும் இப்படித்தான்" என்று பதில். ரெஃபரன்ஸுக்கு ஒரு போன் நம்பரும் அவரே கொடுத்தார்.

இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. கேட்டதெல்லாம் பம்ப், வார்ப்பு, அளவுக் கருவிகள். அதெல்லாம் நண்பருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஃபர் கடிதமும் வந்துவிட்டது. அப்புறம் பின்னணி சரிபார்ப்பு செய்கிறவர்கள் அந்த ஒரு வருடத்துக்கான டி4 கேட்டார்கள். டி4 என்பது நம்ம ஃபார்ம் 16 மாதிரி, முதலாளி கொடுக்கும் வருடாந்தரச் சம்பளச் சீட்டு. பார்க்காத வேலைக்கு அது எங்கிருந்து வரும்? ஆஃபர் போயிற்று. கோயம்புத்தூர் அனுபவத்தை வைத்தே கிடைத்திருக்கக் கூடிய வேலை அது, எனக்கு அதுதான் இன்னும் எரிகிறது. எழுநூறு டாலர் வாங்கியவர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. கோயிலில் பார்த்தால் மட்டும் சிரிக்கிறார்.

இத்தனைக்கும் 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒன்டாரியோ நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் 'கனடிய அனுபவம் தேவை' என்று போடவே கூடாது. மனதுக்குள் எதிர்பார்ப்பார்கள், அது வேறு. அதற்காகப் பொய் வருடம் சேர்க்காதீர்கள். கிடைத்த காபிக் கடை வேலையோ கிடங்கு வேலையோ உண்மையாக இருந்தால் ஒரு வரியில் போடுங்கள், போதும்.

ஏஜென்சிக்காரர்கள் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி உங்களிடம் வேலைக்காக மட்டுமல்ல, ரெஸ்யூமே எழுத உதவியதற்கோ இன்டர்வியூவுக்குத் தயார் செய்ததற்கோகூடக் கட்டணம் வாங்கக் கூடாது. 2024 ஜூலையிலிருந்து ஏஜென்சிகளும் ஆள் எடுத்துக் கொடுப்பவர்களும் மாகாண உரிமம் வைத்திருக்க வேண்டும். தொழிலாளர் அமைச்சின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பெயர் சொல்லவே தயங்குகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இலவச உதவி நிறைய இருக்கிறது. மாகாண அரசின் எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ மையங்கள், ஆக்சஸ் எம்ப்ளாய்மென்ட், ஜேவிஎஸ் போன்ற அமைப்புகளில் உட்கார்ந்து திருத்தித் தருவார்கள். பி.ஆர். உறுதியானவர்களுக்கு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மத்திய அரசின் இலவச உதவி உண்டு. மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே வேலைவாய்ப்பு மையம் இருக்கும். இலவசம் என்றால் தரமிருக்காது என்ற நம்ம ஊர் சந்தேகத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

அவர்களிடம் போகும்போது சரக்கை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். 'தர ஆய்வுக்குப் பொறுப்பு' என்று நண்பர் முதலில் எழுதியிருந்தார். அது யாருக்கும் எதுவும் சொல்லாது. வார்ப்பில் விழுந்த கழிவை எந்த மாற்றத்தால் எவ்வளவு குறைத்தார் என்று எழுதியதும்தான் ஆள் தெரிந்தார். கோயம்புத்தூரில் ஊரறிந்த கம்பெனியை இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெயருக்குக் கீழே 'நானூறு பேர் வேலை செய்யும் நீர்ப்பம்ப் தொழிற்சாலை' என்பதுபோல ஒரு வரி கொடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் சொற்கள் உங்களுக்கும் உண்மையாகப் பொருந்தினால் அதே சொற்களைப் பயன்படுத்துங்கள். பல இடங்களில் ரெஸ்யூமேக்களை முதலில் சலித்துப் பிரிப்பது மென்பொருள்தான். கட்டம், படம், அலங்காரம் எதுவும் வேண்டாம்.

மேலாளர் பதவிக்கு மேலே போகிறவர்கள், தொழிலையே மாற்றுகிறவர்கள் காசு கொடுத்து எழுதிக்கொள்வதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுகிறவர் குறைந்தது ஒரு மணி நேரமாவது உங்களைக் குடைந்து கேள்வி கேட்க வேண்டும். பழைய பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு மறுநாளே அனுப்புகிறவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். எழுதிய ரெஸ்யூமே கைக்கு வந்ததும் ஒவ்வொரு தேதியையும் கம்பெனிப் பெயரையும் நீங்களே சரிபாருங்கள், பி.ஆர். விண்ணப்பத்தில் கொடுத்த வேலை விவரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.