ஓடையோர மனைக்கு வழிப்பாலம் போடுவது எப்படி: பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் மனைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், அதாவது சின்ன ஓடை, போகிறது. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். "தண்ணியே இல்லாத பள்ளத்துக்கு என்ன சட்டம்?" என்று பலரும் கேட்கிறார்கள். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில், நீரோடை என்றால் தற்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியும் சேர்த்திதான். அதனால் ஜேசிபியைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் காகிதம். வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இடம் வாங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நமக்கு எந்த நிலமும் நிலம்தான். கேரளப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். மேட்டு இடம் 'புரயிடம்'. 'நிலம்' என்று இருந்தால், கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) டேட்டா பேங்கை, அதாவது நெல்வயல்களின் பட்டியலைக் கேட்டு உங்கள் சர்வே நம்பரைத் தேடுங்கள். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, அதில் இருக்கும் வயலில் இஷ்டத்துக்கு மண் அடிக்க முடியாது. தவறாகச் சேர்த்திருந்தால், நீக்கக் கேட்க ஃபாரம் 5. பட்டியலில் இல்லாத 'நிலம்' என்றால், வகையை மாற்றக் கேட்க ஃபாரம் 6. பக்கத்து வயலுக்குப் போகும் தண்ணீர் தடைபடுமா என்றும் பார்ப்பார்கள். 50 சென்ட்டுக்கு மேல் என்றால் பத்தில் ஒரு பங்கை நீர் சேமிப்புக்கு விட வேண்டும்.

அடுத்து எல்லை. வேலியை நம்பாதீர்கள், போன் ஜிபிஎஸ்ஸையும் நம்பாதீர்கள். சர்வேயரை வைத்துக் கல் போடுங்கள். 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், 218ஆம் பிரிவுப்படி ஊர் நீர்வழிகள் பஞ்சாயத்தின் வசம். அதனால் பாலத்துக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும்.

இனி பாலம். நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான். செலவு குறைவு என்று இரண்டு ஹியூம் பைப்பை (காங்கிரீட் குழாய்) இறக்கி, மேலே மண் போட்டு மூடினேன். தண்ணீர் போனால் போதும் என்றே நினைத்தேன். வைகாசி கடைசியில் முதல் மழை. விடிகாலையில் பார்த்தால் குழாய் வாய்க்குக் கீழே ஒன்றரை அடிக்குக் குழி பறிந்திருந்தது. சினை வயிற்றோடு கெளுத்திகள் எம்பி எம்பி, குழாய் விளிம்பில் மோதி விழுந்துகொண்டிருந்தன. புதுத்தண்ணிக்கு வயல் பக்கம் ஏறி முட்டையிட வந்த மீன்கள். தெருப் பையன்கள் துண்டை விரித்து அள்ளினார்கள். மீன்களின் இந்த ஏற்றத்தை மலையாளத்தில் 'ஊத்த' என்பார்கள். கேரளத்தில் இந்த ஏற்றத்தில் மீன் பிடிக்கவே தடை உண்டு. நான் வழியையே அடைத்திருந்தேன். அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த கோடையில் குழாய்களை எடுத்துவிட்டு சிலாப் பாலம் போட்டேன். என்னைக் கேட்டால் சிலாப்தான். இரு பக்கச் சுவரும் கரைக்கு வெளியே நிற்க வேண்டும். நடுவில் பள்ளத்தின் பழைய மணல் அப்படியே இருக்க வேண்டும். அடியில் காங்கிரீட் தளம் வேண்டாம். அது வழவழப்பு, தண்ணீர் வேகமெடுக்கும், சின்ன மீனால் எதிர்த்து ஏற முடியாது. குழாய்தான் முடியும் என்றால் பெரிய விட்டமாக எடுத்து, கால் பங்காவது மணலுக்குள் புதையும்படி, சரிவில்லாமல் வையுங்கள்.

வேலை நடக்கும்போது. மாசியில் தொடங்கி சித்திரைக்குள் முடியுங்கள். சிமென்ட்டைக் கரையிலிருந்து தள்ளி, தார்ப்பாயின் மேல் கலக்குங்கள். கலவைச் சட்டி கழுவிய நீர் காரம் மிகுந்தது. குட்டையில் ஒதுங்கிய மீனின் செவுளை அரித்துவிடும். தோண்டிய மண்ணைக் கரையில் குவித்தால் முதல் மழையிலேயே இறங்கி, அயிரை கிடக்கும் மணலை மூடும். கரைக்குத் தென்னை நார் வலை (இங்கே 'கயர் பூவஸ்திரம்') விரித்து நாணல் நட்டேன். கருங்கல் கட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது. இருக்கிற தாழையையும் புங்கனையும் வெட்ட வேண்டாம். அந்த நிழலில்தான் கோடைக்குட்டை சூடேறாமல் கிடக்கும்.

பிற்சேர்க்கை: மலையாளம் எழுதத் தெரியாது என்று ஒருவர் கேட்டிருந்தார். மனுவைத் தமிழிலேயே கொடுங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. நகல் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் ஏற்கெனவே குழாய் போட்டுவிட்டாராம். சரி, உடனே உடைக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு, குழாய் வாய்க்குக் கீழே பெரிய கற்களைப் படிப்படியாக அடுக்குங்கள். தேங்கும் தண்ணீர் குழாயின் அடி விளிம்புக்கு மேல் ஏற வேண்டும். ஐப்பசி மழையில் எந்தக் கல் உருண்டது என்று பார்த்து, வைகாசிக்குள் சரிசெய்துவிடுங்கள்.