டிசைனில் சீனியர் ஆனபிறகும் விடுகிற பிழைகள்

திருகோணமலையிலிருந்து மெக்கானிக்கல் படித்துவிட்டு விமான, பாதுகாப்புத் துறை டிசைன் வேலைக்கு வெளிநாடு போன பெடியள் சிலர் இப்போது சீனியர்கள். அவர்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும்தான் இது.

முதலாவது, டொலரன்ஸை, அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பை, இறுக்குவது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாத் துளைக்கும் 0.01 மில்லிமீற்றர் போட்டு அனுப்பினால் விலை ஏறும், பொருத்தினால் ஒழுங்காக வேலை செய்யக்கூடிய பாகமும் அளவுச் சோதனையில் கழிந்துபோகும். துளைக்குள் என்ன போகிறது, எந்த டேட்டத்திலிருந்து (அளவு தொடங்கும் மேற்பரப்பு அல்லது அச்சு) அளக்க வேண்டும் என்று யோசித்துப் போட்டால் அந்த இறுக்கத்தில் பெரும்பகுதி தேவையே வராது. என்னைக் கேட்டால் இது பயம், திறமை இல்லை.

அடுத்தது உப்பு. வள்ளத்து எஞ்சினில் ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தோடு இறுகிப்போய்க் கழற்ற முடியாமல் நிற்பதை நம்மூரில் காணாதவர் குறைவு, ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் அது மறந்துவிடுகிறது. கார்பன் ஃபைபரும் அலுமினியமும் நேரே தொட்டாலும் அதே கதைதான், அலுமினியம் அரிக்கும்; அதனால்தான் நடுவில் கண்ணாடி இழைப் படை வைக்கிறார்கள், டைட்டேனியம் போல்ட் போடுகிறார்கள். 7075 என்ற விமான அலுமினியக் கலவையில் பலம் கூட என்று டி6 என்ற வெப்பப்பதன நிலையை எழுதுபவர்கள், தடித்த பாகத்தில் குறுக்கே இழுவிசை தொடர்ந்து இருந்தால் அரிப்போடு சேர்ந்து வெடிப்பு வரும் என்பதையும் பார்க்க வேண்டும். டி73 நிலை கொஞ்சம் பலம் குறைவு, ஆனால் இந்த வெடிப்பை நன்றாகத் தாங்கும். கடலோரத் தளத்தில், திருகோணமலைச் சீனக்குடா மாதிரி இடத்தில், நிற்கப்போகிற விமானம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். அப்புறம், உயர்பல உருக்குப் போல்ட்டுக்குக் காட்மியம் பூசச் சொல்லிவிட்டு, பூசியதும் சுமார் 190 பாகை செல்சியஸில் பல மணித்தியாலம் சுட வேண்டும் என்று வரைபடத்தில் எழுதாமல் விடுவது. பூசும்போது உருக்குக்குள்ளே போன ஹைட்ரஜன் வெளியே வராவிட்டால், சுமை ஏற்றிக் கொஞ்ச நாளில் போல்ட் சட்டென்று முறியும்.

பயணிகள் விமானத்துக்கு 1.5 என்ற பாதுகாப்புக் காரணி, அதாவது எதிர்பார்க்கும் உச்சச் சுமையின் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது, விதியிலேயே இருக்கிறது. சுமை கணித்தவர் கொஞ்சம், ஸ்ட்ரெஸ் பார்த்தவர் கொஞ்சம், நீங்கள் கொஞ்சம் என்று மேலே மேலே கூட்டினால் எடைதான் மிஞ்சும்.

ஜூனியரின் வரைபடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அலகையாவது பாருங்கள்: 1999 இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் தொலைந்தது ஒரு பக்கம் பவுண்டிலும் மறுபக்கம் நியூட்டனிலும் கணக்குப் பார்த்ததால்.

கடைசியாக, வாட்ஸ்அப். அமெரிக்க பாதுகாப்புத் திட்டம் என்றால், "மச்சான் இதை ஒருக்காப் பார்" என்று ஊரிலுள்ள கூட்டாளிக்கு அனுப்புகிற ஒரு ஸ்கிரீன்ஷொட்டே அவர்கள் சட்டப்படி அனுமதியில்லாத ஏற்றுமதி ஆகலாம். வேலை போவதோடு முடியாது, வழக்கும் வரலாம்.