முதல் முறை முன்கழுத்தைத் திறக்கப்போகும் தம்பிக்கு

நாளைக்கு சி5-6 டிஸ்க் (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு) கேஸில் கழுத்தைத் திறப்பது நீதான். 1950-களில் ஸ்மித், ராபின்சன் என்ற அறுவை மருத்துவர்கள் எழுதிவைத்த வழியிலேயே போகிறோம். டிஸ்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் உள்ள பாதை உன்னுடையது.

நோயாளி தூங்கியதும் கத்தி கேட்காதே, கழுத்தைத் தடவிப் பார். ஹயாய்டு எலும்பு சி3 மட்டம், குரல்வளை மேடு சி4-5, அதற்குக் கீழே மோதிரமாகத் தட்டுப்படும் கிரிகாய்டு சி6. கிரிகாய்டுக்குச் சற்று மேலே, தோல் மடிப்பிலேயே குறுக்காக 3, 4 செ.மீ. கீறு. தழும்பு மடிப்போடு மறைந்துவிடும்.

எந்தப் பக்கம் என்று கேட்பாய். குரல் நரம்பு இடப்பக்கம் பெருந்தமனியைச் சுற்றி ஏறி, மூச்சுக்குழாய்ப் பள்ளத்தில் நேராகப் போகும். வலப்பக்கம் அது சாய்வாக வரும். கீழ் மட்டங்களில் குறுக்கே நிற்கலாம். பெரிய வித்தியாசமில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் இடப்பக்கக்காரன்.

தோலுக்குக் கீழே பிளாட்டிஸ்மா, மெல்லிய தசைத்தாள். அதைப் பிரித்ததும் அடியில் மேலும் கீழும் நன்றாகத் தளர்த்திவிடு. இங்கே அவசரப்படுகிறவன்தான் பின்னால் சின்னக் குழியில் கை நுழையாமல் திண்டாடுகிறான். கழுத்தின் பெரிய சாய்தசையின் உள்விளிம்பைப் பிடித்து அதை மூடியிருக்கும் உறையைத் திற. ஓமோஹயாய்டு என்ற மெல்லிய தசை குறுக்கே வந்தால் ஒதுக்கு.

இனி கத்தரிக்கோலைக் கீழே வை. ஆள்காட்டி விரலை விடு. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியின் துடிப்பு விரலுக்கு வெளிப்பக்கம், மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் உட்பக்கம். துடிப்பு உட்பக்கம் வந்தால் தடம் மாறிவிட்டாய், திரும்பி வா. காலியான உணவுக்குழாய் தட்டையாகத் தசை மாதிரியே கிடந்து ஏமாற்றும்; உள்ளே குழாய் போட்டிருந்தால் விரலில் தட்டுப்படும்.

விரல் முதுகெலும்பில் முட்டும். மேடு டிஸ்க், பள்ளம் எலும்பு. பயிற்சிக் காலத்தில் நான் விரலை மட்டும் நம்பி "இதுதான் சி5-6" என்றேன். ஊசி வைத்துப் படம் எடுத்தால் சி4-5! அதனால் படம் பார்க்காமல் டிஸ்க்கில் கத்தி படக்கூடாது. ஊசி முனையை வளைத்துக்கொள், ஆழமாக இறங்காது.

காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரின் பிளேடு, முதுகெலும்பின் முன்பக்கம் ஓடும் லாங்கஸ் கோலை தசையின் விளிம்புக்கு அடியில் உட்கார வேண்டும். தசையின் மேலேறி வெளியே நழுவினால் சிம்பதெடிக் நரம்புச் சங்கிலி நசுங்கும். மறுநாள் இமை தொங்கி, கண்மணி சுருங்கி நிற்கும். பிளேடு உட்கார்ந்ததும் மயக்க மருத்துவரிடம் சொல்லி சுவாசக் குழாயின் கஃபில் (நுனியிலுள்ள சின்ன பலூன்) இருக்கும் காற்றை இறக்கித் திரும்ப நிரப்பச் சொல்.

ராத்திரி வார்டிலிருந்து "கழுத்து வீங்குது, மூச்சு வாங்குது" என்று போன் வந்தால் ஸ்கேனுக்கு அனுப்பாதே. ஓடிப்போய் படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டியை வெளியேற்று. மயக்க மருத்துவரையும் என்னையும் நர்ஸ் கூப்பிடட்டும்.